சிவப்புப் பெரிய குதிரையா, பெரிய சிவப்புக் குதிரையா? ஆங்கிலத் தொடர்களின் சொல் வரிசை பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். கடலூரிலிருந்து நாள்தோறும் புதுச்சேரிக்குச் சென்று, கைவினைப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் ஆங்கிலக் குறிப்புகள் எழுதும் பணியில் இருக்கிறேன். வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகள், திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகள், தோல் பைகள், கையால் செய்த காகிதம் ஆகியவற்றின் விலைச்சீட்டிலும் இணையப் பக்கத்திலும் ஒன்றிரண்டு வரிகளில் விவரம் தர வேண்டும். உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் முதலில் எழுதித் தருவார். நான் பார்த்துச் சரிசெய்து அனுப்புவேன்.

அவருடைய ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையோ காலப் பிழையோ இருப்பதில்லை. ஆயினும் 'ரெட் பிக் கிளே ஹார்ஸ்' என்றும், 'ஹேண்ட் பெயிண்டட் ஸ்மால் பாக்ஸ்' என்றும், 'லெதர் பிரவுன் பேக்' என்றும் எழுதுகிறார். நான் அவற்றை 'பிக் ரெட் கிளே ஹார்ஸ்', 'ஸ்மால் ஹேண்ட் பெயிண்டட் பாக்ஸ்', 'பிரவுன் லெதர் பேக்' என்று மாற்றிவிடுகிறேன். ஏன் மாற்றினீர்கள் என்று அவர் கேட்கும்போது, காதுக்கு அப்படித்தான் பொருந்துகிறது என்பதற்கு மேல் என்னால் விளக்கம் தர முடிவதில்லை. "காது என்ன இலக்கண நூலா அக்கா?" என்று அவர் திருப்பிக் கேட்கிறார். கேள்வி நியாயமானது என்பதால்தான் இங்கே வந்திருக்கிறேன். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும், பெயரடைகளை எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

இதனோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. உப்புக்கும் மிளகுத் தூளுக்குமான இரட்டைச் சுடுமண் குப்பிகளுக்கு 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று எழுதினேன். மிளகுக் குப்பிதான் அழகாக இருக்கிறது என்பதற்காக அதை முன்னால் போட்டு 'பெப்பர் அண்ட் சால்ட்' என்று எழுதுமாறு கடைக்காரர் கேட்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்பது அவர் வாதம். இந்த வரிசைகளுக்கெல்லாம் விதி உண்டா, வெறும் பழக்கமா? அறிந்தவர்கள் விளக்கினால் தம்பிக்கும் கடைக்காரருக்கும் காட்டுவேன்.

பதில்: கரும்பலகை (நெல்லிக்குப்பம்)

ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன் அம்மா. முதலில் பெயரடைகளைப் பார்ப்போம். 'சால்ட் அண்ட் பெப்பர்' போன்ற இணைச்சொற்களைப் பற்றி வேறு யாரேனும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

வரிசை உண்டு. ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களுக்கென எழுதப்படும் பாடநூல்கள் பலவற்றில் அது அட்டவணையாகவே இருக்கிறது: பேசுபவரின் மதிப்பீடு முதலில், பிறகு அளவு, அகவை, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், இறுதியாகப் பயன். இவற்றுக்கெல்லாம் முன்னால் 'தி', 'மை', 'தோஸ்' போன்றவையும் எண்ணும் நிற்கும். தாய்மொழியாளர்களின் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிப்பதே இல்லை, ஏனெனில் அவர்கள் பள்ளிக்கு வரும்போதே இதில் தவறுவது அரிது. நம் பாடத்திட்டமோ வாக்கிய மாற்றத்திலும் வினை வடிவங்களிலுமே காலத்தைச் செலவழித்ததால், நம் பிள்ளைகளுக்கும் இது கிடைக்காமல் போயிற்று.

ஆனால் அந்த அட்டவணையை உங்கள் தம்பிக்கு மனப்பாடப் பகுதியாகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எட்டுப் பெயரடைகள் ஒருசேர வரும் தொடரை எந்த ஆங்கிலேயரும் எழுதுவதில்லை. இரண்டோ மூன்றோதான் வரும். அந்த இரண்டு மூன்றை வரிசைப்படுத்த ஒரே ஒரு கேள்வி போதும்: இவற்றுள் எது அந்தப் பொருளை இன்ன பொருள் என்று ஆக்குகிறது? அது பெயரை ஒட்டி நிற்கும். எது பார்ப்பவரைப் பொறுத்து மாறுகிறதோ அது விலகி நிற்கும். திருமண மேடையில் நெருங்கிய உறவினர் மணமக்களை ஒட்டியும் தெரிந்தவர்கள் எட்டியும் நிற்பதைப் போன்றதுதான் இதுவும். ஒரு குதிரை சுடுமண்ணால் ஆனதா என்பதில் இருவருக்குள் வழக்கு எழாது. சிவப்பா என்பதில் சற்றே எழலாம், ஏனெனில் ஒருவர் செங்கல் நிறம் என்பார். பெரியதா என்பது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அழகானதா என்பது முழுக்க முழுக்கக் காண்பவர் கண்ணைப் பொறுத்தது. எனவே 'பியூட்டிஃபுல் பிக் ரெட் கிளே ஹார்ஸ்' என்று வரிசை தானாக அமைந்துவிடுகிறது. இது என் சொந்தக் கற்பனை அன்று. ஸ்கோன்ட்ராஸ், டீகன், குட்மன் என்னும் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பெயரடை எந்த அளவுக்குக் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தருகிறது என்று மக்களிடம் கேட்டுப் பெற்ற மதிப்பெண்களைக் கொண்டே, அது பெயரிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் கணித்துக் காட்டினார்கள்.

பட்டியலைவிட இந்த விளக்கம் மேலானது என்று நான் சொல்வதற்குக் காரணம், பட்டியலை மீறும் தொடர்களையும் இது விளக்கிவிடுகிறது என்பதே. 'கிரேட் டேன்' என்பது நாயின் ஓர் இனம். கறுப்பு நிறத்தில் அப்படியொரு நாய் இருந்தால் அதை 'பிளாக் கிரேட் டேன்' என்றுதான் சொல்வார்கள். பட்டியலின்படி அளவைக் குறிக்கும் 'கிரேட்' நிறத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். ஆனால் அது இங்கே அளவைச் சொல்லவில்லை, இனத்தைச் சொல்கிறது, ஆகவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. சுறாக்களில் 'கிரேட் ஒயிட் ஷார்க்' என்றோர் இனம் உண்டு. அதன் குட்டியை 'ஸ்மால் கிரேட் ஒயிட் ஷார்க்' என்று எழுதினால் சிரிப்பு வரலாம், பிழை வராது.

உங்கள் தம்பியின் தொடர்களில் 'ஹேண்ட் பெயிண்டட் ஸ்மால் பாக்ஸ்' என்பது மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. மற்றவை கவனக்குறைவாக இருக்கலாம். இது தமிழிலிருந்து வந்திருக்கிறது. தமிழிலும் பெயரடை பெயருக்கு முன்னால்தான் நிற்கிறது. 'பெரிய சிவப்பு மண் குதிரை' என்பதே நமக்கும் இயல்பு. ஆனால் பெயரெச்சம் வந்துவிட்டால் நாம் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுவோம். 'கையால் வண்ணம் தீட்டிய சிறிய பெட்டி' என்போமே தவிர, 'சிறிய கையால் வண்ணம் தீட்டிய பெட்டி' என்று சொன்னால் கை சிறியதா, பெட்டி சிறியதா என்ற மயக்கம் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'ஹேண்ட் பெயிண்டட்' என்பது ஒரே சொல்லைப் போல இறுகி, செய்முறையைக் குறிக்கும் அடையாகிவிடுவதால் அளவுக்குப் பின்னால் போகிறது. ஊர்ப்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. 'காஞ்சிபுரம் சிவப்புப் பட்டுப்புடவை' என்று நாம் தயக்கமில்லாமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ரெட் காஞ்சிபுரம் சில்க் சாரி' என்பதே இயல்பான வரிசை. தமிழ் பேசுபவர் எழுதும் ஆங்கிலத்தில் இவ்விரண்டு இடங்களையும் சரிபார்த்துவிட்டால், பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

பதில்: முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

கரும்பலகை ஐயா சொன்ன நெருக்கம் என்னும் கருத்துக்கு வலுச்சேர்க்க ஒரு சான்று தருகிறேன். நான் பிரெஞ்சு கற்பிப்பவன். பிரெஞ்சில் பெரும்பாலான பெயரடைகள் பெயருக்குப் பின்னால் வரும். அழகு, அகவை, நன்மை, அளவு ஆகியவற்றைக் குறிக்கும் சில சிறிய சொற்கள் மட்டும் முன்னால் வரும். 'சிறிய வெள்ளை வீடு' என்பதை 'உய்ன் பெத்தித் மெஸோன் பிளான்ஷ்' என்பார்கள்: சிறிய, வீடு, வெள்ளை. அளவு முன்னே, நிறம் பின்னே.

பெயருக்குப் பின்னால் இரண்டு அடைகள் வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் சுவையானது. துருப்பிடித்த வெள்ளைக் கார் ஒன்றை ஆங்கிலத்தில் 'ரஸ்டி ஒயிட் கார்' என்கிறோம். பிரெஞ்சில் அது 'வுவாத்யூர் பிளான்ஷ் ரூயே', அதாவது கார், வெள்ளை, துருப்பிடித்த. இடமிருந்து வலமாகப் பார்த்தால் வரிசை தலைகீழாக மாறிவிட்டது. ஆனால் பெயரிலிருந்து எண்ணிப் பாருங்கள். இரு மொழிகளிலும் வெள்ளைதான் காரை ஒட்டி நிற்கிறது, துரு அடுத்ததாக வருகிறது. மொழிகள் பேணுவது முன்பின்னை அன்று, தொலைவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இடத்தை மாற்றினால் பொருளே மாறும் சொற்களும் பிரெஞ்சில் உண்டு: 'கிராண்' என்பது 'ஓம்' என்பதற்கு முன்னால் வந்தால் மாமனிதர், பின்னால் வந்தால் உயரமான ஆள்.

இந்த ஊரில் இதைக் காணப் புத்தகம்கூடத் தேவையில்லை. பழைய பிரெஞ்சுப் பகுதியின் நீலத் தெருப்பலகைகளில் பிரெஞ்சு வரியில் 'ரு' என்னும் சொல் முதலில் வந்து பெயர் பின்னால் வரும். தமிழ் வரியில் பெயர் முதலில் வந்து 'வீதி' இறுதியில் நிற்கும். ஆங்கிலம் இந்த விஷயத்தில் தமிழின் பக்கம். ஆயினும் 1066க்குப் பிறகு இங்கிலாந்தில் பிரெஞ்சு பேசிய நார்மானியர் ஆட்சியில் சட்டமும் நிர்வாகமும் நெடுங்காலம் பிரெஞ்சில் நடந்ததால், ஆங்கிலத்தின் அந்த மூலையில் மட்டும் பிரெஞ்சு வரிசை தங்கிவிட்டது. 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷல்', 'ஹேர் அப்பேரன்ட்' எல்லாம் அந்த வகை. எது பெயர், எது அடை என்பதைப் பன்மையில்தான் கண்டுபிடிக்கலாம். ராஜாஜி வகித்த பதவியின் பன்மை 'கவர்னர்ஸ் ஜெனரல்'. இங்கே புதுச்சேரியில் இருக்கும் பதவியின் பன்மை 'லெப்டினன்ட் கவர்னர்ஸ்'. ஒன்றில் பெயர் முன்னே நிற்கிறது, மற்றதில் பின்னே. செய்தித்தாள்கள்கூட இதில் அவ்வப்போது சறுக்குகின்றன.

இணைச்சொற்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. ஆங்கிலேயர் 'கம் அண்ட் கோ', 'கமிங்ஸ் அண்ட் கோயிங்ஸ்' என்று வருவதை முதலில் வைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் 'அலே எ வெனு', 'வா எ வியேன்' என்று போவதை முதலில் வைக்கிறார்கள். தமிழில் நாம் 'போக்குவரத்து' என்கிறோம், 'போய் வருகிறேன்' என்கிறோம்; இதில் நாம் பிரெஞ்சின் பக்கம். வரிசை முழுவதும் மனித இயல்பிலிருந்து வருவதாக யாரேனும் சொன்னால், இந்த ஒன்றை எடுத்துக்காட்டலாம்.

கெடிலக்கரை:

இருவருக்கும் நன்றி. பெயரெச்சத்தைப் பற்றிய விளக்கத்தைத் தம்பிக்குக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டார். போக்குவரத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு இன்னொன்று தோன்றியது. ஆங்கிலத்தில் 'ஹியர் அண்ட் தேர்', 'திஸ் அண்ட் தட்' என்று அருகில் இருப்பதை முன்னால் சொல்கிறார்கள். நாம் 'அங்கும் இங்கும்', 'அது இது', 'அப்படி இப்படி', 'அவனும் இவனும்' என்று தொலைவில் இருப்பதைத்தான் முன்னால் சொல்கிறோம். நெடுங்கணக்கில் அகரம் முன்னால் வருவதுதான் காரணமா?

பதில்: மெய்ப்புத்தாள் (திருப்பாதிரிப்புலியூர்)

நெடுங்கணக்கு காரணமாக இருக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் 'அங்க இங்க' என்றுதான் சொல்வார். ஆனால் அந்த வரிசை மிகப் பழையது. 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பிய நூற்பாவே சேய்மையை முதலில் வைத்துத்தான் எண்ணுகிறது.

உங்கள் எடுத்துக்காட்டில் இரண்டு விதிகள் ஒரே இடத்தில் மோதுகின்றன என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் பிரிக்க முடியாத இணைச்சொற்களைப் பற்றி மால்கீல் என்னும் மொழியியலாளர் 1959இல் விரிவாக எழுதினார். 1975இல் கூப்பர், ராஸ் என்னும் இருவர் அவற்றின் வரிசையைத் தீர்மானிப்பவை எவை என்று ஆராய்ந்து, பொருள் சார்ந்த காரணங்களில் முதன்மையானதாகப் பேசுபவருக்கு நெருக்கமானது முதலில் என்பதை வைத்தார்கள். 'ஹியர் அண்ட் தேர்', 'நவ் அண்ட் தென்' என்பவை அதற்கு உட்பட்டவை. தமிழ் இந்த விதிக்கு நேர் எதிராக நிற்கிறது. பேசுபவரின் பார்வை தொலைவிலிருந்து தன்னை நோக்கி வருவதாக நம் மொழி அமைந்திருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். 'அக்கரை இக்கரை' என்பதும் அப்படியே.

அடுத்தது ஒலி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லை உயிரெழுத்தை மட்டும் மாற்றி இரட்டிக்கும்போது இகரம் முன்னாலும் அகரமோ ஒகரமோ பின்னாலும் வரும். 'டிக் டாக்', 'பிங் பாங்', 'ஸிக் ஸாக்', 'சிட் சாட்', 'கிரிஸ் கிராஸ்', 'ஹிப் ஹாப்' என்று எத்தனையோ சொல்லலாம். கடிகாரம் எழுப்பும் ஒலி உண்மையில் ஒரே மாதிரியானதுதான். ஆனால் 'டாக் டிக்' என்று எந்த ஆங்கிலேயரின் காதுக்கும் கேட்காது. கதைகளில் வரும் 'பிக் பேட் வுல்ஃப்' என்னும் ஓநாய் கரும்பலகை ஐயாவின் பட்டியலை மீறுவதும் இதனால்தான். மதிப்பீடு முதலில் வரவேண்டும் என்ற விதிப்படி 'பேட் பிக்' என்றிருக்க வேண்டும். இகரத்துக்குப் பின் அகரம் என்ற ஒலியின் இழுப்பு அதை வென்றுவிட்டது. 'திஸ் அண்ட் தட்' என்பதிலும் இகரம் முன்னே, அகரம் பின்னே. ஆக, ஆங்கிலத்தில் நெருக்கமும் ஒலியும் ஒரே திசையில் இழுக்கின்றன. தமிழின் 'அது இது' இரண்டையுமே மறுத்துவிடுகிறது.

இதை வைத்துத் தமிழுக்கு ஒலி விதியே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம்முடைய விதி உயிரில் இல்லை, முதல் மெய்யில் இருக்கிறது. அக்கம் பக்கம், எசகு பிசகு, அரசல் புரசல், அரக்கப் பரக்க, ஏட்டிக்குப் போட்டி, தாறுமாறு, ஏறுமாறு, தட்டுமுட்டு, கன்னாபின்னா, குண்டக்க மண்டக்க, தடபுடல் என்று அடுக்கிப் பாருங்கள். முதல் சொல் உயிரிலோ வேறு மெய்யிலோ தொடங்கினாலும், இரண்டாவது சொல் இதழ்களை மூடி ஒலிக்கும் பகரத்திலோ மகரத்திலோ தொடங்குகிறது. ஆங்கிலத்தின் எதுகை இரட்டைகளில் 'ஹோகஸ் போகஸ்', 'ஹாங்கி பாங்கி', 'ஹர்லி பர்லி', 'நேம்பி பேம்பி', 'ரோலி போலி' என்று அதே பகரமும் அதன் இனமும் இரண்டாவது இடத்தில் வந்து உட்காருவதைக் காணலாம். உறவில்லாத இரு மொழிகள் இந்த ஒன்றில் இவ்வளவு நெருங்கி வருவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. இரு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. நம்மிடம் 'ஏடாகூடம்' இருக்கிறது, அவர்களிடம் 'மம்போ ஜம்போ' இருக்கிறது.

உங்கள் குப்பிகளுக்கு வருவோம். 'சால்ட்' ஓரசை, 'பெப்பர்' ஈரசை. குறுகியது முன், நீண்டது பின் என்பது ஆங்கில இணைச்சொற்களில் மிகப் பரவலாகக் காணப்படும் போக்கு: 'பிரெட் அண்ட் பட்டர்', 'கப் அண்ட் சாசர்', 'லா அண்ட் ஆர்டர்', 'ரஃப் அண்ட் ரெடி'. ஜெர்மானிய மொழியியலாளர் பெஹாகெல் 1909இல் இதை வளரும் உறுப்புகளின் விதி என்று வகுத்தார். ஆனால் அவருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினி, உம்மைத்தொகையில் குறைந்த உயிரெழுத்துகளை உடைய சொல் முன்னால் வரும் என்று ஒரே சொல்லில் நூற்பா செய்துவிட்டார்: 'அல்பாச்தரம்', இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், முப்பத்து நான்காம் நூற்பா. அதற்குப் பின் வந்த உரைமரபு, மதிப்புக்குரியது முன் என்றும், உடன்பிறந்தாருள் மூத்தவர் முன் என்றும் சேர்த்துக்கொண்டது. 'மாதா பிதா' என்று தாய் முன்னால் வருவதற்கு அவர்கள் தந்த காரணம் மதிப்பு.

தமிழுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நோய் நொடி, சண்டை சச்சரவு, காடு கழனி, உற்றார் உறவினர், பேரும் புகழும், சீரும் சிறப்பும், வாடி வதங்கி, கூடிக் குலாவி. எதிலும் இரண்டாவது சொல்லே கனமானது. அடுக்களையில் 'உப்பு, புளி, மிளகாய்' என்று சொல்லும்போது நீண்ட சொல்தான் கடைசியில் நிற்கிறது. மூத்தவர் முன் என்பதற்கு 'அண்ணன் தம்பி', 'அக்கா தங்கை' போதும். 'அக்கா தம்பி', 'அண்ணன் தங்கை' என்று பாலைக் கடந்தும் நம் மொழி அகவையைக் காக்கிறது. ஆங்கிலத்தின் 'பிரதர் அண்ட் சிஸ்டர்' அதைக் கவனிப்பதே இல்லை.

இடையே ஒரு செய்தி. பட்டப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வந்தால் எது முன் என்பதற்கும் நம்மிடம் நூற்பா உண்டு. இயற்பெயரை முன்னால் சொல்லமாட்டார்கள் என்று தொல்காப்பியம் கூறுகிறது, பின்னால் வருவதே சிறப்பு என்று நன்னூலும் வழிமொழிகிறது. ஆங்கிலத்தின் 'டாக்டர்', 'குயின்' எல்லாம் இந்த விதிக்கு அடங்கி நடக்கின்றன. நாமோ ஆங்கிலச் சொல்லையே வாங்கி 'முருகன் சார்', 'மேரி டீச்சர்' என்று பின்னால் வைத்துவிட்டோம்.

பதில்: உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எல்லாரும் விதியின் பக்கமே பேசுவதால், கடைக்காரரின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். 'பெப்பர் அண்ட் சால்ட்' என்பது ஆங்கிலத்தில் இல்லாத தொடர் அன்று. நரை கலந்த தலைமுடிக்கும், கறுப்பும் வெள்ளையும் கலந்து நெய்த துணிக்கும் அப்படிச் சொல்வது உண்டு. ஆகவே குறுகியது முன் என்பது போக்கே தவிரக் கட்டளை அன்று. பெனோர், லெவி என்னும் இருவர் 2006இல் ஏராளமான இணைச்சொற்களை உண்மையான எழுத்திலிருந்து திரட்டி ஆராய்ந்தபோது, பொருள் சார்ந்த காரணங்களே மிக வலுவானவை என்றும், அசைநீளம் அதற்கு அடுத்தது என்றும், தனி ஒலிகளின் பங்கு அவற்றைவிடக் குறைவு என்றும் கண்டார்கள். மெய்ப்புத்தாள் அவர்கள் ஒலிக்குத் தந்த இடம் சற்று அதிகம் என்று எனக்குப் படுகிறது. இரட்டைக் கிளவிகளில் ஒலி அரசாளலாம். பொருளுடைய இரண்டு சொற்கள் சேரும்போது அது கடைசி ஆளாகத்தான் வருகிறது.

ஆண், பெண் சொற்களைப் பாருங்கள். 'ஹஸ்பண்ட் அண்ட் ஒய்ஃப்', 'கிங் அண்ட் குயின்', 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' என்று ஆணை முன்னிறுத்தும் அதே மொழி, 'லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்', 'மம் அண்ட் டாட்', 'பிரைட் அண்ட் குரூம்' என்று பெண்ணை முன்னிறுத்துகிறது. 'ஹஸ்பண்ட்' ஈரசை, 'ஒய்ஃப்' ஓரசை. அசை விதியும் அங்கே தோற்றது. அவைமரியாதை, தாயின் நெருக்கம், திருமண நாளில் மணமகளுக்குக் கிடைக்கும் முதன்மை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கிறது. காரணம் மாறினால் வரிசையும் மாறும்.

எனினும், விலைச்சீட்டில் எதை எழுதுவது என்று கேட்டால் நான் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்றே எழுதுவேன். வாங்க வருபவர் தேடுபொறியில் இடும் தொடர் அதுதான். மிளகுக் குப்பியை முன்னிறுத்த விரும்பினால், புகைப்படத்தில் அதை முன்னால் வைக்கட்டும்.

கெடிலக்கரை:

கடைக்காரர் புகைப்பட யோசனையை ஏற்றுக்கொண்டார். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தம்பி இப்போது 'ஸ்மால் ஹேண்ட் பெயிண்டட் ரெட் வில்லியனூர் டெரகோட்டா ஹார்ஸ்' என்று எழுதியிருக்கிறார். வரிசை சரியாக இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் படிக்க மூச்சு வாங்குகிறது. நடுவில் காற்புள்ளிகள் போடலாமா?

பதில்: கரும்பலகை (நெல்லிக்குப்பம்)

போடக் கூடாது. இரண்டு அடைகளுக்கு நடுவே 'அண்ட்' போட்டுப் பார்த்தும், அவற்றை இடம் மாற்றிப் பார்த்தும் தொடர் கெடாமல் இருந்தால் மட்டுமே அங்கே காற்புள்ளிக்கு இடம் உண்டு. 'கோல்டு, டயர்டு டிராவலர்' என்பதை மாற்றிச் சொல்லலாம். இரண்டும் பெயரிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றன. 'ரெட் அண்ட் டெரகோட்டா ஹார்ஸ்' என்றால் பாதி சிவப்பு, பாதி சுடுமண் என்று ஆகிவிடும்.

'வில்லியனூர் டெரகோட்டா' என்பதைத் தம்பி பிரிக்காமல் விட்டது நல்லது. அது புவிசார் குறியீடு பெற்ற ஒரு கைவினையின் பெயர், அதற்கு நடுவில் எதுவும் நுழையக் கூடாது. மற்றவற்றுள் மூன்றுக்கு மேல் முன்னால் அடுக்க வேண்டாம். செய்முறையைப் பெயருக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள்: 'ஸ்மால் ரெட் வில்லியனூர் டெரகோட்டா ஹார்ஸ், பெயிண்டட் பை ஹேண்ட்'. இந்தக் காற்புள்ளிக்குத் தடை இல்லை. அய்யனார் கோயில் குதிரையின் வடிவம் என்றால் 'அய்யனார்' என்பதை 'ஹார்ஸ்' என்பதற்கு நேர் முன்னால், 'டெரகோட்டா'வுக்குப் பின்னால் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போது 'ரெட்' என்பதை எடுத்துவிடலாம், நிறம் படத்திலேயே தெரிந்துவிடும்.